பக்கக் குழாயின் சாட்சி

வாருங்கள். தொழிற்பேட்டையின் கடைசித் தெருவுக்கு வந்து, நீலச் சாயம் பூசிய அந்த இரும்புக் கதவின் முன்னால் சற்று நில்லுங்கள். காவல்காரர் முறைப்பார், முறைக்கட்டும். கதவில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டிய ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதில் ஒரு பெண்ணின் புகைப்படம். அடையாள அட்டைக்கென்று தலைவாரிப் பொட்டிட்டு, அவளே ஆசையாக எடுத்துத் தந்த படம். உற்பத்திப் பொருளில் கலப்படம் செய்ததற்காக இவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், இவரோடு எவரும் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று படத்தின் கீழே அச்சடித்திருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நம்பிக்கொண்டே நடக்கிறார்கள்.

நீங்கள் நம்புவதற்கு முன் அந்தக் கதவுக்கு உள்ளே நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே செய்வது பேஸ்ட். தேங்காய் எண்ணெயோடு அமீன் என்ற ரசாயனத் திரவத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், இரண்டும் தத்தம் குணத்தை இழந்து, தேன் நிறத்தில் கெட்டியான வேறொரு பொருளாக மாறுகின்றன. பாடநூல் அதைப் பரப்புச் செயலி என்கிறது. பிசுக்கைத் தண்ணீரோடு சேர்த்துக் கழுவிவிடுவதும், பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் உங்கள் கையில் நுரையாக எழுவதும் அதுதான். நன்றாக வெந்த பேஸ்ட் கையை ஒன்றும் செய்யாது. வேகாத பேஸ்டிலோ அமீன் அமீனாகவே பதுங்கியிருக்கும். அது தோலைத் தின்னும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு பெண்ணின் மானம் அதில்தான் சிக்கிக் கிடக்கிறது.

முன்பெல்லாம் கொதிகலனில் ஒரு பகல் முழுக்கக் காய்ச்சினார்கள். முதலாளியின் தம்பி மேற்படிப்பு முடித்துத் திரும்பியதும் அதை மாற்றினார். வீட்டில் மிச்சச் சோற்றைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பை ஆள் நுழையும் அளவுக்குப் பெரிதாக நினைத்துப் பாருங்கள், அப்படியோர் அடுப்பு. அதற்குள் வெண்பீங்கான் பாத்திரம். எண்ணெயும் அமீனும் ஊற்றிக் கதவைச் சாத்தினால், தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பேஸ்ட் தயார். சிறு குடுவையில் அவர் செய்து காட்டிய நாளில் முதலாளி தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆலையில் எல்லோரும் அவரை டாக்டர் என்றார்கள். நோயாளியைக் கண்ணால் பார்க்காத டாக்டர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பும் அவர் காதில் விழுந்திருந்தது.

அந்த அடுப்பை ஓட்டியவள்தான் படத்தில் இருப்பவள். ஆலையில் அவள் பெயர் நுரைக்காரி. காரணம் இருக்கிறது. சூடு ஏறினால் பேஸ்ட் பொங்கும். பொங்கி விளிம்பைத் தாண்டினால் அடுப்பெல்லாம் வழியும். துடைக்க வேண்டியவள் அவள். ஆகையால் பாதியில் கதவைத் திறப்பாள். திறந்ததும், அடுப்பில் சூட்டை உண்டாக்கும் மின்னலைகள் தாமே நின்றுவிடும். மரத்துடுப்பை உள்ளே விட்டு, அடிவரை நாலு சுற்றுச் சுற்றி நுரையை அடக்கிவிட்டு மறுபடி சாத்துவாள். இதில் வேதியியல் ஏதும் இல்லை. பிசுபிசுத்த தரையை மண்டியிட்டுத் தேய்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். துடுப்பு வேறு என்ன வேலை செய்தது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அடுப்பின் வெப்பம் கணினித் திரையில் ஒரு கோடாக ஓடும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு நடுவில் பள்ளம் விழுந்து எழுவதை டாக்டர் கவனித்தார். அதே வாரத்தில் ஊரின் மறுபுறத்தில் வேறொரு கம்பெனி, இதே நிறத்தில், இதே வாசனையில் சரக்கைக் கடைக்கு அனுப்பியது. இரண்டையும் அவர் மனம் முடிச்சுப் போட்டது. கதவைத் திறப்பவள் எதையோ எடுக்கிறாள், எடுத்து எங்கோ கொடுக்கிறாள். அன்றே அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நடுவுல எதுக்குக் கதவைத் திறக்கிறீங்க?"

"பொங்குது சார். அடக்குறேன்."

"திறக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். வழிஞ்சா துடைக்கிறேனே, அதையும் யாரும் சொல்லலை."

கூட இருந்தவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். டாக்டர் அந்தச் சிரிப்பையும் அவள் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் பாத்திரம் மாறியது. நுரை வழியாதபடி உயரமும் அகலமும் கூடிய புதுப் பீங்கான் பாத்திரம் வந்தது. அடுப்புக் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி டாக்டரின் இடுப்புக்குப் போனது. துடுப்பைப் பறித்து அறைமூலையில் சாத்திவைத்தார்கள். தலைக்கு மேலே கேமரா முளைத்தது. வேலை முடிந்து போகிறவர்களின் பைகளைக் காவல்காரர் கொட்டிக் கவிழ்த்தார்; தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, தம் கண்ணெதிரே ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார். என் வீட்டுத் தண்ணியை நான் குடிச்சுக் காட்டினாத்தான் என்னை நம்புவேன்னா, உன்னை எதைக் குடிச்சு நான் நம்புறது என்று நுரைக்காரி கேட்டாளாம். காவல்காரர் அடுத்த பையைக் கவிழ்த்தார். ஆனால் அவள் அப்படிக் கேட்ட செய்தி முதலாளியின் மாடியறைக்குப் போகத் தவறவில்லை.

அதன் பிறகுதான் பேஸ்ட் கலங்கியது. கண்ணாடிபோல் இருந்தது பழுப்புக் கஞ்சிபோல் வந்தது. அதன் பிறகுதான் கைகள் வெந்தன.

யார் கைகள்? பேஸ்டைத் தண்ணீரில் கரைத்துக் கேனில் அடைத்து ஆலை விற்கும் கழுவுதிரவத்தை வாங்கிய பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், படுக்கைவிரிப்புகளைக் கறைபோக ஊறவைத்து அலசும் பெண்களின் கைகள். அவர்களில் ஒருத்தி நுரைக்காரியின் சொந்த அக்கா. அந்தத் திரவம் வந்திறங்கிய நாளில், இது என் தங்கச்சி கையால செஞ்சது என்று கேனைத் தட்டிக்காட்டிப் பெருமை பேசியவள். முதலில் அரிப்பு. பிறகு விரல் இடுக்குகளில் கொப்புளம். பிறகு தோல் உரிந்து, சோற்றைப் பிசையக்கூட முடியாத ரணம்.

ஆலையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, வெளுப்புத்தூளை அளவு தெரியாமல் கொட்டியிருப்பீர்கள் என்று அவர்கள்மீதே பழியைப் போட்டார். சலவைக்கூடம் கேன்களைத் திருப்பி அனுப்பியது. அப்போது மாடியறையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அந்த ஆராய்ச்சியை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொய் அங்கே அறிவின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தது.

பீங்கான் பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறு குழாய் உண்டு. வெந்து முடிந்ததும் அதைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து, நிறம் மாறும் தாளில் வைப்பார்கள். அமீன் மிச்சமிருந்தால் தாள் நீலமாகும். எத்தனையோ முறை வைத்தும் தாள் நீலமாகவில்லை. ஆக, பாத்திரத்தில் இருந்த பேஸ்ட் சுத்தம். சலவைக்கூடத்துக்குப் போன பேஸ்ட் நஞ்சு. நடுவில் பாத்திரத்திலிருந்து பீப்பாய்க்கு மாற்றுவது யார்? நுரைக்காரி. அவளுக்குக் கோபம் இருந்ததா? இருந்தது, துடுப்பைப் பிடுங்கிய அன்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாளே. எதிர்த்துப் பேசுவாளா? பேசுவாள், காவல்காரரையே கேட்டவள். முடிந்தது வழக்கு. காரணம் கிடைத்துவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்குச் சாட்சி எதற்கு?

முதலாளி அவளை உட்காரச் சொல்லவில்லை. அமீன் பீப்பாயின் மூடியைக் காட்டி, இதைத் தொட்டாயா என்று கேட்டார். தொடாமல் எப்படி ஊற்றுவது என்று அவள் கேட்டாள். ஒப்புக்கொண்டாள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். தன் அக்காவின் கையே வெந்திருக்கிறது, தன் ரத்தத்துக்குத் தானே இப்படிச் செய்வேனா என்று அவள் மன்றாடினாள். அதுவும் அவளுக்கு எதிராகவே திரும்பியது. உன்மேல் சந்தேகம் வராதபடி இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன என்றார்கள். அன்று மாலை அறிவிப்பு ஒட்டப்பட்டது.

வேலை போனதை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வீட்டில் நடந்தது.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி, இருவருக்கும் பொதுவாக ஒரு மின்விசிறி. அக்காவின் இரண்டு கைகளிலும் கட்டு. தங்கைதான் சோறு பிசைந்து ஊட்டினாள். அறிவிப்பு ஒட்டிய மறுநாள் முதல் கவளத்தை நீட்டியபோது, அக்கா உடனே வாயைத் திறக்கவில்லை. கவளத்தைப் பார்த்தாள். பிறகு தங்கையின் விரல்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்திருக்கும்? ஓர் இமைப்பு. அந்த இமைப்பில் தங்கையின் உடம்பில் உயிர் இல்லை.

"என்னக்கா பாக்கறே? சோறுதான்."

"ஒண்ணுமில்ல." அக்கா வாங்கி மென்றாள். விழுங்கிய பிறகு, சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "ஏன்டி, அவங்க மேல இருந்த ஆத்திரத்துல தெரியாமக்கூட எதையாவது ஊத்திட்டியா? என்கிட்ட மட்டும் சொல்லு. நான் வெளிய சொல்ல மாட்டேன்."

நுரைக்காரி அடுத்த கவளத்தை உருட்டினாள். கிண்ணத்தில் இருந்ததை முழுவதும் ஊட்டி முடித்தாள். அக்காவின் வாயைத் துடைத்தாள். பிறகு பாத்திரங்களைக் கழுவப் போனாள். அன்று வெகுநேரம் கழுவினாள். ஒரு முதலாளியின் பூட்டு, தொழிற்பேட்டையைத் தாண்டி, இரண்டு பேருந்து மாறி வந்து, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு நடுவே தொங்கியதை இங்கே பாருங்கள்.

அவள் போன பிறகாவது கைகள் வேகாமல் இருந்தனவா? வெந்தன. புதிய கேன்களுக்கும் புகார் வந்தது. அவளுக்கு ஆலைக்குள்ளே கூட்டாளி இருக்கிறான் என்றார்கள். கேன் நிரப்புகிறவரைச் சந்தேகித்தார்கள். லாரி ஓட்டுகிறவரைச் சந்தேகித்தார்கள். பை சோதித்த காவல்காரரின் பையையே ஒரு நாள் சோதித்தார்கள். ஒருவர் தேநீரை இன்னொருவர் தொடுவதில்லை. சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவர்கள், அது எங்கே நிற்கும் என்று கற்றுக்கொடுக்கவில்லை.

கடைசியில் டாக்டர் ஒரு பொறி வைத்தார். விடுமுறை நாளில் தனியாக வந்தார். எண்ணெயைத் தானே ஊற்றினார். அமீனைத் தானே ஊற்றினார். கதவைத் தானே பூட்டினார். பக்கக் குழாயில் சொட்டு எடுத்தார், தாள் மாறவில்லை. தன் கையாலேயே கரைத்துக் கேன்களில் நிரப்பி முத்திரை வைத்தார். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க, யார் கையும் படாத சரக்கு ஒன்று ஒப்பிட்டுக் காட்டக் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அந்தக் கேன்களில் ஒன்றை அண்ணன் வீட்டு அடுக்களைக்கு அனுப்பினார். ஆலையில் நம்பத்தக்க ஒரே சரக்கு அதுதானே.

அந்த வாரம் வீட்டில் வேலைக்கு ஆள் வரவில்லை. முதலாளியின் மனைவி தானே பாத்திரம் துலக்கினார். சில நாள் கழித்து டாக்டர் சாப்பிட வந்தபோது, அண்ணி தட்டு வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையின்மேல் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். விரல் இடுக்குகளில் கொப்புளங்கள்.

"இந்தக் கேனை நிரப்பினது யாரு?"

"நான்தான் அண்ணி."

"காய்ச்சினது?"

"நான்தான்."

"அந்தப் பொண்ணு நடுவுல வந்தாளா?"

டாக்டர் குனிந்து அந்தக் கொப்புளங்களைப் பார்த்தார்.

"அப்போ ஒண்ணு, நீ கலந்திருக்கணும். இல்ல, யாருமே கலக்கலை. எதுன்னு யோசிச்சுச் சொல்லு, தம்பி. அவசரம் இல்ல. எரியறது என் கைதானே."

டாக்டர் நேரே ஆலைக்குப் போனார். இந்த ஒரு பிற்பகலுக்கான மரியாதையை அவருக்கு நாம் மறுக்க வேண்டாம். இன்னொரு தடவை காய்ச்சினார். குழாயைத் தொடவில்லை. நீண்ட கண்ணாடிக் குழலை மேலிருந்து இறக்கி, பாத்திரத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சொட்டுச் சொட்டாக எடுத்து, தாள்களை வரிசையாக மேசையில் அடுக்கினார். ஓரத்துத் தாள் மாறவில்லை. அடுத்தது இலேசாக நீலம் பூத்தது. அதற்கடுத்தது கூடுதல் நீலம். நடுப்பாத்திரத்துத் தாள் மை கொட்டியதுபோல் கறுத்த நீலமாயிற்று.

அவருக்கு எல்லாம் புரிந்தது. மின்னலைகள் ஓரத்திலிருந்து சில விரற்கடை ஆழம் மட்டுமே புகுந்து பலமிழக்கின்றன. சிறு குடுவையில் அந்த ஆழம் நடுவைத் தொட்டது. அகன்ற பாத்திரத்தில் தொடவில்லை. வெப்பம் காட்டும் கருவியின் கண்ணுக்குத் தெரிவதோ பாத்திரத்தின் வெளிச்சுவர். மாதிரி எடுக்கும் குழாய் இருப்பதும் அதே சுவரில். கருவியும் குழாயும் வெந்த ஓரத்தை மட்டும் பார்த்து, எல்லாம் வெந்தது என்று ஒரே குரலில் சாட்சி சொல்லிவந்தன. வேகாத நடுவை ஓரத்துக்கும் வெந்த ஓரத்தை நடுவுக்கும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது, மூலையில் சாத்திவைத்த அந்த மரத்துடுப்பு ஒன்றுதான். தரை துடைக்கச் சலித்த ஒருத்தி, தனக்கே தெரியாமல் அத்தனை கைகளையும் காத்துவந்திருக்கிறாள்.

சந்தேகம் பூட்டைப் போட்டது. பூட்டு பேஸ்டை வேகவிடாமல் தடுத்தது. வேகாத பேஸ்ட் கைகளைப் பொசுக்கியது. பொசுங்கிய கைகளையே சாட்சிக்கூண்டில் ஏற்றி, சந்தேகம் தன்னைச் சரி என்று நிரூபித்துக்கொண்டது.

தாள்களை அள்ளிக்கொண்டு அவர் அண்ணனின் வீட்டுக்குப் போனார். முதலாளி பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. அலை பட்டாலும் தீப்பொறி பறக்காத கலக்கி ஒன்று வாங்கிப் பொருத்தச் சொன்னார். இனி மாதிரியை நடுவிலிருந்தும் எடுக்கச் சொன்னார். டாக்டர் எழுந்திருக்கவில்லை.

"அப்போ கேட்ல இருக்கிற நோட்டீஸ், அண்ணா?"

"அது இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு ஒண்ணுமே பண்ணலை."

"பண்ணலைன்னு நீயும் நானும் தெரிஞ்சுக்கிட்டோமில்ல? போதும். அதைக் கிழிச்சா, அப்போ யாருன்னு கேப்பாங்க. யார் பேரைச் சொல்லட்டும்? உன் பேரையா?"

டாக்டர் மேசைமேல் இருந்த நீலத்தாள்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அறிவு ஊமையாகும்போது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அந்தச் சட்டைப்பையைக் காட்டுங்கள்.

கலக்கி பொருத்தப்பட்டது. பேஸ்ட் தெளிந்தது. இப்போது கேளுங்கள் அநியாயத்தின் உச்சத்தை. விற்பனைக்குப் போகிறவர்கள் ஊரெல்லாம் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவளை வெளியே அனுப்பினோம், பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். தங்கள் குற்றத்தைத் திருத்தியதையே அவள் குற்றத்துக்கு ஆதாரமாக்கினார்கள். சலவைக்கூடத்திலும் அதே பேச்சு. அக்காவின் கைகளில் புதுத்தோல் வந்தது. ஒவ்வொரு விரலும் ஆற ஆற, தங்கை குற்றவாளி என்பது உறுதியாயிற்று. அக்கா அதன்பின் கேள்வி ஏதும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் கொடுமை.

ஒரு நாள் காலை அவர்கள் வீட்டு வாசலில் முதலாளியின் மனைவி வந்து நின்றார். கையில் ஒரு களிம்புக் குப்பி. உள்ளே வந்தவர், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. தன் கையில் ஆறிக்கொண்டிருந்த வடுக்களைக் காட்டி, நடந்தது அத்தனையும் இருவரிடமும் சொன்னார். பூட்டு, குழாய், நீலத்தாள், அண்ணனும் தம்பியும் வீட்டில் பேசிக்கொண்டதில் தன் காதில் விழுந்தது, எதையும் விடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"சொன்னதுக்கு நன்றிம்மா," என்றாள் நுரைக்காரி. "ஆனா நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது எங்க வீட்டுக் கதவுல இல்லையே. அங்க வந்து சொல்லுங்க."

அந்த அம்மையார் களிம்புக் குப்பியைச் சன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆலைக் கதவுக்கு அவர் இன்றுவரை வரவில்லை.

அக்கா அடுப்படிக்குப் போய்ச் சோற்றைப் போட்டுப் பிசைந்தாள். புதுத்தோல் இழுத்து வலித்தது, இருந்தும் பிசைந்தாள். முதல் கவளத்தை உருட்டித் தங்கையின் வாயருகே கொண்டுபோனாள். தங்கை அந்தக் கவளத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகு அக்கா நீலக் கதவின் முன்னால் வந்து நிற்கிறாள். தங்கையின் படத்துக்குப் பக்கத்தில், வடுப்பட்ட கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறாள். காவல்காரர் விரட்டினார், போகவில்லை. ஏம்மா, உன் கையை வேகவெச்சவளுக்கே வக்காலத்தா என்று கேலி பேசினார்.

"என் கை வெந்தது இவளால இல்ல, அண்ணே," என்று அவள் சொன்னாள். "உங்க டாக்டர் சட்டைப்பையில நீலத் தாள் இருக்கு. அது நடுப்பாத்திரத்துல எடுத்தது. அதை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நான் போயிடறேன்."

காவல்காரர் மேலே போய்ச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவளை விரட்டவும் இல்லை.

வாசகர்களே, அவள் தனியாக நிற்கிறாள். தனியாக நிற்பவளைப் பைத்தியம் என்று சொல்லிவிடுவது எளிது. நூறு பேர் நின்றால் அப்படிச் சொல்ல முடியாது. மாலையில் அந்தத் தெருவுக்குப் போங்கள். அவள் பக்கத்தில் நில்லுங்கள். மாடிச் சன்னலைப் பார்த்து ஒரே ஒரு கேள்வியை, உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்லும்வரை, உரக்கக் கேளுங்கள்: மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள்? தாளைக் காட்டச் சொல்லுங்கள். அந்த அறிவிப்பை ஒட்டிய கையே கிழிக்கட்டும். கிழிக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.